பைலட் ஏன் விரட்டி ஓட்டவில்லை? கனெக்‌ஷன் தவறிய வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன் போனேன். சென்னையிலேயே 55 நிமிடம் தாமதம். "முடிந்தவரை நேரத்தை ஈடுகட்டுகிறோம்" என்று பைலட் சொன்னார், ஆனாலும் துபாயில் இறங்கியது 40 நிமிடம் தாமதமாக. ஏஜென்ட் போட்டுக் கொடுத்த இடைவெளி 1 மணி 50 நிமிடம். லண்டன் விமானம் போய்விட்டது, புது டிக்கெட் வாங்கினேன். எரிபொருளை மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்டிவிட்டார்களா? அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டியிருப்பார்கள். பெரும்பாலான விமானங்கள் பெரும்பாலான நாள் அப்படித்தான் பறக்கின்றன. ஆனால் உங்கள் லண்டன் விமானம் தவறியதற்கு அது காரணம் இல்லை.

விமானத்துக்கு எவ்வளவு எண்ணெய், எந்த வேகம் என்று கிளம்பும் முன் திட்டம் போட்டுக் கொடுக்கிற டிஸ்பாட்ச் மேசையில் வேலை பார்த்தவன் நான், அதனால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். சென்னை–துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர். ஏறுவதும் இறங்குவதும் போக, மேலே ஒரே சீராகப் பறப்பது ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ320 வழக்கமாக மாக் 0.78-ல் பறக்கும், அதாவது அந்த உயரத்தில் ஒலி போகும் வேகத்தில் 78 சதவீதம், மணிக்கு சுமார் 830 கிலோமீட்டர். அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகமே மாக் 0.82 தான். பைலட் துணிந்து 0.80-க்குத் தள்ளினால் மணிக்கு 20 கிலோமீட்டர் கூடும். இப்போது வகுத்துப் பாருங்கள், மிச்சமாவது நான்கு, ஐந்து நிமிடம். அவ்வளவுதான் அவர் கையில் இருப்பது.

அந்த ஐந்து நிமிடத்துக்கு விலை அதிகம். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க, இறக்கையின் மேல்பக்கம் ஓடுகிற காற்று விமானத்தை முந்திக்கொண்டு ஒலி வேகத்தைத் தாண்டிவிடும். அங்கே அதிர்வலை உண்டாகி, இழுவை திடீரென்று ஏறும். எண்ணெய்ச் செலவும் கூடவே ஏறும். சரி, கூடுதலாக எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகலாமே என்றால், அந்த எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் வேண்டும், கூடுதலாக ஏற்றியதில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று நான்கு சதவீதம் அதைத் தூக்கிக்கொண்டு போவதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்காக ரொம்ப மெதுவாகப் போனாலும் நஷ்டம்தான். பைலட் சம்பளம், என்ஜின் பராமரிப்பு எல்லாம் மணிக்கணக்கில் ஓடுகிற செலவு. இந்த நேரச் செலவை எண்ணெய் விலையோடு ஒப்பிட்டு வரும் ஓர் எண்ணுக்கு காஸ்ட் இண்டெக்ஸ் என்று பெயர். கிளம்பும் முன் அதை விமானக் கணினியில் போட்டுவிடுவார்கள், பூஜ்யம் போட்டால் எண்ணெயே முக்கியம், எண் ஏற ஏற நேரம் முக்கியம், மற்றபடி ஏறும் வேகம் முதல் இறங்கும் வேகம் வரை கணினியே பார்த்துக்கொள்ளும். எண்ணை முடிவு செய்வது கம்பெனி. எண்ணெய் விலை எகிறிய 2008-ல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்று முதல் மூன்று நிமிடம் மெதுவாகப் பறந்து, அந்த ஆண்டில் 4.2 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்கு சொன்னது. பயணிக்குத் தெரியவே தெரியாத நிமிடங்கள் இவை.

அப்படியானால் உங்கள் விமானம் 15 நிமிடத்தை எங்கே பிடித்தது? பெரும்பகுதி கால அட்டவணையிலிருந்துதான். போர்டில் போடுகிற பயண நேரத்திலேயே கம்பெனிகள் கொஞ்சம் காற்றடைத்து, அதாவது தேவைக்கு மேல் நேரம் சேர்த்து வைத்திருக்கும், 15 நிமிடத் தாமதத்துக்குள் வந்தால் சரியான நேரம் என்று கணக்கில் சேருவதால் அப்புறம் பெருமையாக விளம்பரமும் செய்யலாம். மீதி, ஏடிசி, அதாவது தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு மையம், குறுக்கு வழி கொடுத்திருந்தால் வந்திருக்கும். குறுக்கு வழி என்றதும் எரிச்சல் வருகிறது. 2020-ல் இந்திய வான்பரப்பில் 60 சதவீதம்தான் பயணிகள் விமானத்துக்குத் தடையில்லாமல் கிடைத்தது, இதைத் தளர்த்தினால் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அப்போது நிதியமைச்சரே அறிவித்தார். விமான எண்ணெயை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருகிற பேச்சும் 2017-லிருந்து பேச்சாகவே இருக்கிறது. பைலட் அரை டன் மிச்சம் பிடிக்க மண்டையை உடைத்துக்கொள்ள, மேலிடத்தில் கோப்பு நகர்வதில்லை.

விரட்டிப் போனாலும் போகிற இடத்தில் இறங்க விட வேண்டுமே. பறந்து போய் டோல்கேட் வரிசையில் நிற்கிற கதைதான். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் காலை நேரத்தில் வானத்தில் வட்டமடித்துக் காத்திருப்பது அன்றாடம் நடப்பது, 2014-லிருந்து அங்கே வரும் விமானங்களை 350 மைல் தொலைவிலேயே மெதுவாக வரச் சொல்லும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இனி உங்கள் ஏஜென்ட்டுக்கு வருவோம். புது டிக்கெட் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. உங்களுக்கு அவர் விற்றது ஒரு பயணம் இல்லை, இரண்டு தனித்தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டாக இருந்தால், அந்தந்த விமான நிலையத்தில் மாறுவதற்குத் தேவையான குறைந்தபட்ச நேரத்துக்குக் கீழே முன்பதிவு அமைப்பே விற்காது, தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதும் கம்பெனியின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். லக்கேஜையும் துபாயில் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அதற்குத் தனியாக விசா பார்க்க வேண்டும். இதில் எதையாவது ஏஜென்ட் சொன்னாரா? ஐந்தாயிரம் ரூபாய் குறைவு என்பதை மட்டும் சொல்லியிருப்பார்.

இவர்கள் வைக்கிற பொறி இதுதான்: ஏஜென்ட்டின் சொந்த புக்கிங் எண் ஒன்று இருக்கும், அதை பெரிய எழுத்தில் அடித்து ஒரே தாளில் இரண்டு விமானத்தையும் போட்டுக் கொடுப்பார். பார்த்தால் ஒரே டிக்கெட் போலவே இருக்கும். அதை நம்பாதீர்கள். 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைக் கேளுங்கள், இரண்டு பயணத்துக்கும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். மழுப்பினால் வேறு ஏஜென்ட்டிடம் போங்கள்.

பைலட் உண்மையிலேயே விரட்டுகிற சூழல் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கம்பெனியின் ஒரே டிக்கெட்டில், தாமதமான உங்கள் விமானத்திலிருந்து லண்டனுக்கு மாற வேண்டியவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். நாற்பது பேருக்கும் ஹோட்டல், சாப்பாடு, மறுநாள் சீட் என்று செலவு அந்தக் கம்பெனி தலையில் விழும். அப்போது எண்ணெயைக் கூடுதலாக எரிப்பது மலிவு, காஸ்ட் இண்டெக்ஸை ஏற்றச் சொல்லி டிஸ்பாட்ச்சிலிருந்தே செய்தி போகும். சில சமயம் லண்டன் விமானத்தையே பத்து நிமிடம் பிடித்து வைப்பார்கள். நாற்பதுக்குப் பதில் இரண்டே பேர் என்றால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள், அந்த இருவருக்கும் மறுநாள் சீட் கொடுப்பதே மலிவு. நாற்பது பேரும் உங்களைப் போல இரண்டு தனித்தனி டிக்கெட்டில் வந்திருந்தால்? அப்படி நாற்பது பேர் இருப்பதே கம்பெனிக்குத் தெரியாது.

அடுத்த முறை துபாய் வழியாகப் போனால் ஒரே டிக்கெட்டில், இரண்டரை மணிக்குக் குறையாத இடைவெளி வைத்து வாங்குங்கள். சென்னை கவுன்டரில் பையைக் கொடுக்கும்போது ஒட்டுகிற சீட்டில் லண்டன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். துபாயோடு நின்றிருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள், பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பரவாயில்லை.