எழுத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது?

கேள்வி: சுங்குடிச் சேலைக் கடைக்குப் புதிதாக வெப்சைட் போடுகிறோம். எழுத்தை நடுவில் வைக்கலாம் என்கிறான் மகன், எனக்கு இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும். எது சரி?
- வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம்மா. கடைப் பெயர் நடுவில் இருக்கட்டும், சேலை விவரத்தை இடப்பக்கம் சேர்த்தே போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம்; 'அனுப்பிவைக்கப்படும்' என்று ஒன்று வந்தாலே போன் திரையில் பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஓரங்களைச் சமமாக்கப் போனால் மிச்சச் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். நடுவில் வைத்தாலோ ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் கண் தேட வேண்டும். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்கு வையுங்கள், இல்லாவிட்டால் 'து'வின் கால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கும். போனில் ஒரே நெடுவரிசை, மேலே படம், கீழே விலை. சுங்குடியின் புள்ளி தெரிகிற மாதிரி ஒரு கிட்டத்துப் படம் கட்டாயம் வேண்டும்.