‘அனுப்பு’ பொத்தானை அழுத்தும் முன்: மெயில் ஆட்டோமேஷன் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. மெயில் அனுப்பும் மென்பொருளில் கணக்குத் தொடங்கியாயிற்று, இனி எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கி இருக்கிறேன்.

கண்காட்சிகளில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள், நண்பர் கொடுத்த எக்ஸெல் ஷீட் எல்லாம் சேர்த்து 4,000 முகவரிகள் இருக்கின்றன. மொத்தமாக ஏற்றி முதல் கேம்பெய்னை அனுப்பலாமா?

நண்பர் கொடுத்த ஷீட்டைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. முன்பின் தெரியாத இடத்திலிருந்து விளம்பரம் வந்தால், பலர் படித்துக்கூடப் பார்க்காமல் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்திவிடுவார்கள். ஜிமெயில் பொறுத்துக்கொள்ளும் புகார் அளவு 0.3 சதவீதத்துக்கும் கீழே. 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள். உங்கள் 4,000 பேரில் 12 பேர் எரிச்சலடைந்தால் போதும், அந்த எல்லைக்கு வந்துவிடுவீர்கள். அதன் பிறகு உங்கள் மெயிலை ஆசையோடு எதிர்பார்ப்பவருக்கும் அது ஸ்பேமில்தான் போய் விழும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிக் கைமாறி வரும் பட்டியல்களில் பொறி முகவரிகள் கலந்திருக்கும். யாரோ எப்போதோ கைவிட்ட முகவரியை மெயில் நிறுவனமே பொறியாக மாற்றி வைத்திருக்கும். அதற்கு மெயில் போனாலே, அனுப்பியவர் அனுமதி கேட்காமல் அனுப்புகிறார் என்று தெரிந்துவிடும். விலைக்கு வாங்கிய பட்டியல் என்று தெரிந்தால் பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்கள் கணக்கையே முடக்கிவிடும்.

கேட்காமல் வரும் மெயில் மீதான கோபம் நேற்று வந்ததல்ல. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். அன்றே புகார்கள் பறந்தன.

விசிட்டிங் கார்டு தந்தவர்கள் விஷயம் வேறு. அவர்கள் உங்களைப் பார்த்திருக்கிறார்கள், பேசியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உங்கள் சொந்த மெயிலிலிருந்து நாலு வரி எழுதுங்கள்: எங்கே சந்தித்தோம், என்ன அனுப்பப் போகிறேன், மாதம் எத்தனை முறை, விருப்பம் இருந்தால் இந்த லிங்க்கில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவிலும் ‘உறுதிசெய்க’ என்று ஒரு மெயில் போய், அதை அவர் கிளிக் செய்த பிறகே பட்டியலில் சேருமாறு வையுங்கள். 4,000 என்பது 300 ஆகிவிடலாம். கவலைப்படாதீர்கள், அந்த 300 பேரும் உங்கள் மெயிலைத் திறந்து படிப்பவர்கள்.

நல்ல உள்ளடக்கம், நல்ல பட்டியல். இருந்தும் மெயில் ஸ்பேமுக்குப் போகிறது. என்ன பார்க்க வேண்டும்?

எழுத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் டொமைனை, அதாவது உங்கள் மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் என்ற பொது விவரப் பட்டியலில் மூன்று பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை என்று சொல்லும் பட்டியல் எஸ்பிஎஃப். மெயிலோடு போகும் டிஜிட்டல் கையொப்பம் டிகேஐஎம். இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, ‘அனுப்புநர்’ இடத்தில் தெரியும் டொமைனோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று அறிவிப்பது டிமார்க். நாள் ஒன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றையும் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே காலத்தில் இதைக் கொண்டுவந்தது, 2025 மே மாதம் அவுட்லுக்கும் சேர்ந்துகொண்டது. உங்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மூன்றையும் செய்து வையுங்கள்.

சரிபார்ப்பது சுலபம். உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பி, கணினியில் திறந்து, வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, மெயிலின் மூல வடிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலே ஒரு சிறு அட்டவணை வரும். மூன்றுக்கும் நேராக ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். டிகேஐஎம் வரியில் எந்த டொமைன் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லாமல் மென்பொருள் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

நான் அதிகம் பார்க்கும் தவறு எஸ்பிஎஃப் பதிவில்தான். அலுவலக மெயிலுக்கு ஏற்கெனவே ஒரு எஸ்பிஎஃப் பதிவு இருக்கும். புதிய மென்பொருள் கேட்கிறதே என்று இன்னொன்றைத் தனியாகச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய பதிவுக்குள்ளேயே புதியதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பதிவைச் சரிபார்க்கப் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல்கள் தேவைப்படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் வரம்பு.

டொமைனே புதிதென்றால் முதல் நாளே எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். உங்களை நன்கு அறிந்த சில நூறு பேரில் ஆரம்பித்து, வாரம் வாரம் கூட்டிக்கொண்டே போங்கள்.

அனுப்புநர் முகவரியாக என் ஜிமெயில் முகவரியையே வைக்கலாமா?

வேண்டாம். அந்த டொமைன் உங்களுடையது அல்ல. அதன் பெயரில் வேறொரு சர்வர் அனுப்பினால் டிமார்க்கில் தேறாது. யாஹூ 2014 ஏப்ரலில் தன் டிமார்க் விதியை ‘நிராகரி’ என்று மாற்றியபோது, யாஹூ முகவரியை வைத்துக்கொண்டு வெளி சர்வர்கள் வழியாக அனுப்பியவர்களின் மெயில்கள் அப்படியே திரும்பின. சொந்த டொமைன் ஒன்று வாங்கிவிடுங்கள். பதில் மெயில் வந்தால் ஒருவர் படிக்கும் முகவரியாகவும் அது இருக்கட்டும்.

ஆட்டோமேஷன் திரையைத் திறந்தால் தலை சுற்றுகிறது. தானாக அடுத்தடுத்துப் போகும் மெயில்களின் முதல் தொடரை எப்படி அமைப்பது?

திரையை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஐந்தே விஷயம்: எது நடந்தால் தொடர் தொடங்கும், என்ன அனுப்பும், எவ்வளவு காத்திருக்கும், எந்த நிபந்தனையில் பாதை பிரியும், எப்போது ஒருவர் தொடரைவிட்டு வெளியேறுவார். முதல் நான்கையும் எல்லோரும் கவனமாகப் போடுகிறார்கள். ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயிற்சி வகுப்புக்காக ஐந்து மெயில் தொடர் ஒன்றை அமைத்தேன். பதிவு செய்தவுடன் ஒரு இலவசப் பாடம், இரண்டு நாள் கழித்து இன்னொன்று, மூன்றாவது மெயிலில் ‘இன்னும் சேரவில்லையா?’ என்ற அழைப்பு. ஒருவர் பணம் கட்டினால் அவர் பெயரில் ‘மாணவர்’ என்ற டேக் (அடையாளக் குறி) விழும்படி வைத்திருந்தேன். அந்த டேக் இருக்கிறதா என்பதைத் தொடரின் வாசலில் மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால் பார்க்கச் சொல்லவில்லை. முதல் பாடத்தைப் படித்துவிட்டு உடனே பணம் கட்டியவர்களுக்கும் மூன்றாவது மெயில் போனது. அவர்களில் ஒரு பெண்மணி எழுதினார்: “நேற்றுதானே பணம் கட்டினேன், உங்களுக்கு வந்து சேரவில்லையா?” முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டியவர். ஒரு இரவு முழுக்க அவரைப் பதற வைத்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அன்று முதல் எந்தத் தொடரை வரைந்தாலும் வெளியேறும் வழியைத்தான் முதலில் எழுதுகிறேன். வாங்கிவிட்டால் வெளியே, பதில் எழுதினால் வெளியே, அன்சப்ஸ்கிரைப் செய்தால் எல்லாத் தொடர்களிலிருந்தும் வெளியே.

உங்கள் முதல் தொடர் வரவேற்புத் தொடராக இருக்கட்டும். மூன்று மெயில் போதும். பதிவு செய்யும்போது என்ன தருவதாகச் சொன்னீர்களோ, அது முதல் மெயிலிலேயே உடனே போய்ச் சேர வேண்டும். இரண்டாவதில் அவருக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விஷயம். விற்பனைப் பேச்சை மூன்றாவதில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘பட்டியலில் சேர்ந்தவுடன்’ என்பதுதான் தொடரின் தொடக்கம் என்றால், பழைய வாடிக்கையாளர்களின் முகவரிகளை நீங்கள் மொத்தமாக ஏற்றும்போதும் அது ஓடத் தொடங்கலாம். பல வருடமாக உங்களிடம் வாங்குபவருக்கு ‘உங்களை வரவேற்கிறோம்’ என்று மெயில் போகும். முகவரிகளை ஏற்றும் முன் தொடரை நிறுத்தி வையுங்கள், அல்லது பதிவுப் படிவத்தின் வழியாக வந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

சோதிக்கும்போது காத்திருப்பு நேரங்களை ஐந்து நிமிடமாகக் குறைத்து, உங்கள் முகவரியையே உள்ளே அனுப்பி, கடைசி மெயில் வரை போய்ப் பாருங்கள். நடுவில் வாங்குபவராகவும் ஒரு முறை நடித்துப் பாருங்கள். முடிந்ததும் நேரங்களை மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மெயிலில் பெயர் தானாக வரும்படி வைத்தேன். சிலருக்கு ‘முருகன்க்கு’, ‘கவிதாக்கு’ என்றெல்லாம் போயிருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

தமிழில் எழுதுபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மென்பொருள் பெயரை அப்படியே ஒட்டும். ‘முருகனுக்கு’, ‘கவிதாவுக்கு’ என்று புணர்த்தி எழுத அதற்குத் தெரியாது. ஆகவே பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும் இடத்தில் பெயரை வைக்காதீர்கள். ‘வணக்கம் முருகன்,’ என்று பெயர் தனியாக நிற்கட்டும், அடுத்த வரி ‘உங்களுக்காக…’ என்று தொடங்கட்டும். பெயர் காலியாக இருந்தால் எந்தச் சொல் வர வேண்டும் என்பதையும் மென்பொருளில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘வணக்கம் ,’ என்று காற்புள்ளி மட்டும் தொங்கும்.

திறப்பு விகிதம் 60 சதவீதத்துக்கு மேல் காட்டுகிறது. விற்பனை மட்டும் நகரவில்லையே?

அந்த எண்ணை நம்ப வேண்டாம். மெயிலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறு படம் இறங்கினால், ‘திறக்கப்பட்டது’ என்று மென்பொருள் கணக்கு வைக்கிறது. 2021 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, அதை இயக்கி வைத்திருப்பவர்களின் மெயில்களில் உள்ள படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. மெயிலைப் படிக்காதவரும் திறந்தவராகப் பதிவாகிறார். கிளிக்குகளிலும் கலப்படம் உண்டு. சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள், மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிகளில் எல்லா லிங்க்குகளையும் தானே தட்டிப் பார்க்கும்.

இதில் ஆட்டோமேஷனுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ‘திறந்தால் இந்தப் பாதை, திறக்காவிட்டால் அந்தப் பாதை’ என்று பிரித்திருந்தால் இன்றே அதை மாற்றுங்கள். வாங்கினாரா, படிவம் நிரப்பினாரா, பதில் எழுதினாரா என்பதை வைத்துப் பிரியுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் அனுப்பினால் நல்லது?

எல்லோருக்கும் பொருந்தும் பொன்னான நேரம் ஒன்று கிடையாது. ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து அதையே கடைப்பிடியுங்கள், வாசகர் எதிர்பார்க்கப் பழகுவார். இரண்டு நேரங்களைச் சோதிப்பதானால் சிறிய பட்டியலில் வந்த முடிவை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். 200 பேருக்கு அனுப்பியதில் 9 கிளிக், இன்னொரு 200 பேருக்கு அனுப்பியதில் 12 கிளிக் என்றால், அந்த மூன்று கிளிக் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

டிசைனர் செய்து தந்த போஸ்டரை ஒரே படமாக மெயிலில் போடுகிறோம். சரியா?

படங்களைத் தடுத்து வைத்திருப்பவருக்கு அது வெறும் வெள்ளைக் கட்டம். கண் தெரியாதவருக்கு ஸ்க்ரீன் ரீடர் படித்துக் காட்ட அதில் எழுத்தே இருக்காது. செய்தியை எழுத்தாகவே எழுதி, படத்தைத் துணைக்கு வையுங்கள். படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் மாற்று வரியையும் நிரப்புங்கள்.

எழுத்தாக எழுதும்போது நீளத்தில் ஒரு கண் இருக்கட்டும். மெயிலின் எச்டிஎம்எல் (எழுத்தும் வடிவமைப்பும் சேர்ந்த குறியீடு) ஏறத்தாழ 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் நடுவிலேயே வெட்டிவிடும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ‘க’ ஒன்றுக்கே மூன்று, ‘கோ’ என்றால் ஆறு. அதனால் நாம் அந்த எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடுகிறோம். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி, அங்கேதான் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கிறது.

அந்த லிங்க்கைக் கொஞ்சம் மங்கலாக, சிறியதாக வைத்தால் ஆட்கள் போகாமல் இருப்பார்களே?

போக நினைப்பவருக்கு வழி தெரியாவிட்டால், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். அன்சப்ஸ்கிரைப் உங்களுக்கு ஒரு சேதமும் செய்யாது, சேதம் செய்வது ஸ்பேம் புகார்தான். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டப்படி, ஒருவர் விலகக் கேட்ட 10 வேலை நாட்களுக்குள் பெயரை நீக்க வேண்டும். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. ஜிமெயில் விதியில் பெரிய அளவில் அனுப்புபவர்களுக்கு இரண்டே நாள்தான், அதுவும் ஒரே கிளிக்கில் விலகும் வசதியோடு. லாகின் செய்யச் சொல்வதும், காரணம் எழுதினால்தான் விடுவேன் என்பதும் வாசகரை அவமதிப்பது. மரியாதையாக வழியனுப்புங்கள்.

தவறான லிங்க்கோடு எல்லோருக்கும் மெயில் போய்விட்டது. இப்போது என்ன செய்ய?

போன மெயிலைத் திரும்ப அழைக்க முடியாது. முதலில், இன்னும் வரிசையில் காத்திருக்கும் மெயில்கள் இருந்தால் கேம்பெய்னை நிறுத்துங்கள். அடுத்து, தவறான லிங்க் உங்கள் தளத்தின் முகவரியாகவே இருந்தால், அங்கே வருபவரைச் சரியான பக்கத்துக்குத் தானாக அனுப்பும் ஒரு ரீடைரக்ட் போடுங்கள். பாதி நேரம் இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், இன்னொரு மெயிலே தேவைப்படாது. ரீடைரக்ட் போட வழியில்லை என்றால் மட்டும் திருத்த மெயில் அனுப்புங்கள். சப்ஜெக்ட் வரியிலேயே ‘சரியான லிங்க் இதோ’ என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இரண்டு வரி போதும்: ஒரு வரியில் மன்னிப்பு, ஒரு வரியில் லிங்க். அனுப்பும் முன் அந்த லிங்க்கை உங்கள் போனில் ஒரு முறை, வேறொருவர் போனில் ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.