லண்டன்–நியூயார்க்: தூரம் ஒன்றுதான், போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் வேறு?

விமான தூரம் என்பது பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இது சுமார் 5,550 கி.மீ. ஆனால் நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம். திரும்பி வர 7 மணி நேரம் போதும்.

காரணம் காற்று. ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.யைக்கூடத் தாண்டும். ஆற்றில் படகு விடுவது போலத்தான்: நீரோட்டத்தோடு போனால் சீக்கிரம், எதிர்த்துப் போனால் தாமதம். 2020 பிப்ரவரியில் பலமான காற்று தள்ளியதில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது!

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பாடு, நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு வருகை என்றிருந்தால் அது 3 மணி நேரப் பயணமில்லை. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். வழக்கமான 5 மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் 8 வரும்.

அப்புறம், பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே போகும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன.