கட்டிடக் கேள்விகள்: ஹாலில் இரைச்சல், கிச்சனில் புகை, லாட்ஜ் பாத்ரூமில் கதவு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹோட்டல் வைத்திருப்பவர்களுடையது. அதனால் வீட்டுக் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன.

கேள்வி: காட்பாடி சாலையில் 40க்கு 25 அடி ஹாலில் பிரியாணி ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறோம். கூரை 12 அடி உயரம். சுவரெல்லாம் சிமென்ட் பூச்சு, தரை பாலிஷ் கிரானைட், மேலே பைப்பும் டக்டும் (காற்றுக் குழாய்) தெரிகிற மாதிரி கறுப்பு பெயின்ட், முகப்பு கண்ணாடி. போட்டோவில் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஞாயிறு மதியம் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை என்று குடும்பத்தோடு வருகிறவர்கள் குறைப்படுகிறார்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகுமா?
(காட்பாடி வாசகர்)

பதில்: ஆகாது. வெறும் ஜிப்சம் போர்டும் சுவர் மாதிரிதான். பேச்சொலியை அப்படியே திருப்பி அனுப்பும். உங்கள் ஹாலில் ஒலி போய் அடங்க இடமே இல்லை. கிரானைட், கண்ணாடி, சிமென்ட் பூச்சு எல்லாம் சேர்ந்து தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் வாங்கிக்கொள்ளும். ஒரு மேஜைப் பேச்சு ஹாலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பக்கத்து மேஜைக்காரர் அதற்கு மேல் குரலை உயர்த்துகிறார். அவரைப் பார்த்து அடுத்தவர். அரை மணி நேரத்தில் கல்யாணப் பந்தி ஆகிவிடும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹாலின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் (சதுர அடியில்) வகுத்தால், எதிரொலி அடங்க எத்தனை விநாடி என்பது கிடைக்கும். உங்கள் ஹால் 12,000 கன அடி. தரை, கூரை, சுவர் எல்லாம் 3,560 சதுர அடி இருந்தும் உறிஞ்சுவது சுமார் 110. மேஜை நாற்காலிக்கு 50 சேர்த்தால் 160. காலி ஹாலில் மூன்றரை விநாடிக்கு மேல் ஒலி சுற்றும். 60 பேர் உட்கார்ந்தால் அவர்களே 270 வாங்கிக்கொள்வார்கள், அப்போதும் 1.4 விநாடி. சாப்பிடும் இடத்தில் 0.8ஐ ஒட்டி இருந்தால்தான் குரலை உயர்த்தாமல் பேச முடியும்.

500 சதுர அடிக்கு, அதாவது கூரையில் பாதிக்கு, ஒலி உறிஞ்சும் பலகை தொங்கவிடுங்கள். 2 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்ப் பலகை), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, மேலே கறுப்பு கிளாஸ் டிஷ்யூ (கண்ணாடி நார்த் துணி) ஒட்டியது. 4க்கு 2 அடிப் பலகை என்றால் 64 வேண்டும். கூரையோடு ஒட்டாமல் 4 முதல் 6 அங்குலம் இறக்கிவிட்டால் பலகையின் முதுகுப் பக்கமும் வேலை செய்யும். கணக்குப்படி நிறைந்த ஹாலில் 0.7, பாதி நிறைந்திருந்தால் 0.85 விநாடி. பலகை மேஜைகளுக்கு நேர் மேலே வரட்டும். கேஷ் கவுன்டருக்கு மேல் வீண். கறுப்போடு கறுப்பாகப் போய்விடுவதால் உங்கள் அழகும் கெடாது. பிறகு யாராவது ஆசைப்பட்டு அதன்மேல் பெயின்ட் அடித்தால் துளைகள் அடைந்து எல்லாம் பாழ்.

தெர்மாகோல், முட்டை அட்டை இரண்டும் பயன்படாது. மெத்தைக் கடை ஃபோம் ஒலியை வாங்கும், தீயையும் வாங்கும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற கிளப்பில் மேடைச் சுவரில் ஒட்டிய ஃபோமில் மத்தாப்புப் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். ஆகவே யார் சொன்னாலும் அதை ஒட்டாதீர்கள்.

பைப் தெரியும் இந்தப் பாணி, பழைய தொழிற்சாலையையும் கிடங்கையும் ஓட்டலாக மாற்றியவர்கள் இருப்பதை வைத்துச் சமாளித்ததில் வந்தது. புதுக் கட்டிடத்தில் அந்தக் குறையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்!

கேள்வி: ஆம்பூரில் ஏசி ஹாலோடு ஹோட்டல். கிச்சனில் அடுப்புக்கு மேல் புகை வாங்கும் 10 அடி ஹூட், பெரிய எக்ஸாஸ்ட். ஆனாலும் மாஸ்டருக்குக் கண் எரிகிறது, ஹாலில் ஏசி ஏறவில்லை, போதாக்குறைக்கு டாய்லெட் வாடை சாப்பிடும் இடத்துக்கு வருகிறது. இன்னும் பெரிய ஃபேன் போடச் சொல்கிறார்கள். தேக்சா (பிரியாணி அண்டா) அடுப்பு விறகில், மற்றவை கேஸில்.
(ஆம்பூர் வாசகர்)

பதில்: பெரிய ஃபேன் போட்டால் மூன்றும் இன்னும் மோசமாகும். ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழியில்லை. அதனால் அது ஹாலின் குளிர்ந்த காற்றை இழுக்கிறது, அதுவும் போதாமல் டாய்லெட் தரை ஜாலி வழியாகக்கூட இழுக்கிறது. பிளம்பர் மேல் தப்பில்லை. கிச்சன் கதவை ஒரு அங்குலம் திறந்து, இடுக்கில் ஊதுவத்தி பிடியுங்கள். புகை கிச்சன் பக்கம் லேசாகச் சாய்ந்தால் சரி. விருட்டென்று பறந்தால் காற்றுப் பஞ்சம்.

10 அடி ஹூட்டுக்கு அடிக்கு 300 வீதம் நிமிடத்துக்கு 3,000 கன அடி வெளியேற வேண்டும். அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 2,400 முதல் 2,700 வரை, வெளியிலிருந்து தனி ஃபேன் வைத்து ஹூட்டுக்கு எதிர்ப்பக்கம் மெதுவாக விட வேண்டும். மிச்சம் ஹாலிலிருந்து வரட்டும். அப்போதுதான் தாளிப்பு வாசனை ஹாலுக்குப் போகாது. ஃபேன் இல்லாமல் சுவரில் லூவர் (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத் திறப்பு) மட்டும் வைப்பதென்றால், பட்டைகள் அடைக்கும் இடத்தையும் சேர்த்து 12 சதுர அடியாவது திறப்பு வேண்டும். காற்றை அடுப்புக்கு நேராக அடிக்க விடாதீர்கள். புகை ஹூட்டுக்கு வெளியே சிதறும்.

ஹூட் அடுப்பைவிட எல்லாப் பக்கமும் 6 அங்குலம் நீண்டிருக்கிறதா, அடி விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். டக்ட் 18க்கு 16 அங்குலம் போதும். மெல்லிய ஜிஐ தகட்டை மடித்து ரிவெட் அடித்தால் மடிப்பில் எண்ணெய் கசியும். 16 கேஜ் இரும்புத் தகடு, வெல்டிங்தான் சரி. 12 அடிக்கு ஒரு கதவு வைத்தால்தான் உள்ளே சுரண்ட முடியும். மொட்டை மாடியில் கூம்புத் தொப்பி போடாதீர்கள். எண்ணெய்ப் புகையை மாடித் தரைக்கே திருப்பும்.

விறகு அடுப்புக்குத் தனிப் புகைபோக்கி கட்டாயம். கேஸ் ஹூட்டின் டக்டில் எண்ணெய் படிந்திருக்கும். விறகுப் பொறி அதில் ஏறினால் டக்டே திரியாகிவிடும்.

கேள்வி: கிச்சன் மேடைக்குக் கடப்பா கல் போதுமா?
(ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: அடியில் தட்டு, அலமாரி, பாத்திரம் வைக்கும் மேடைக்குப் போதும். வெட்டும் இடத்துக்கும் சட்னி, ரசம் கைமாறும் இடத்துக்கும் வேண்டாம். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளி, எலுமிச்சை, தயிர் பட்டால் பாலிஷ் அரித்து வெளுத்த தடம் நிற்கும். அங்கெல்லாம் கிரானைட் அல்லது ஸ்டீல் போடுங்கள்.

கேள்வி: தோட்டப்பாளையத்தில் பழைய கட்டிடத்தை லாட்ஜாக மாற்றுகிறோம். ஆஸ்பத்திரிக்கு வரும் வெளி மாநிலக் குடும்பங்கள்தான் அதிகம். வாரக்கணக்கில் தங்குவார்கள், சமைக்கவும் கேட்கிறார்கள். அறை 10க்கு 12. உள் அலங்காரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
(வேலூர் வாசகர்)

பதில்: அலங்காரத்துக்கு முன்னால் பாத்ரூம் கதவு. பெரும்பாலான லாட்ஜில் அது இரண்டரை அடி, உள்பக்கம் திறக்கும், கீழே நான்கு அங்குலப் படி. நோயாளி உள்ளே மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது தள்ளு கதவாக இருக்கட்டும். வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். எல்லா அறைக்கும் முடியாவிட்டாலும் தரைத்தளத்திலும் லிஃப்ட் பக்கத்திலும் உள்ள அறைகளில் கதவின் வழி 900 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டும், படி கூடாது. தண்ணீர் வெளியே வராமலிருக்கத் தரைச் சரிவும் வாசலில் நீளமான ஜாலியும் போதும்.

கைப்பிடிக் கம்பி, டாய்லெட்டில் உட்காரும் மட்டத்திலிருந்து 8 அங்குலம் மேலே. டவல் கம்பியை அதற்கு நம்பக் கூடாது. ஆள் பிடித்து எழுந்தால் டைல்ஸோடு வரும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எந்த இடத்தில் போல்ட் வரும் என்று கொத்தனாரிடம் குறித்துக் கொடுங்கள். பொள்ளல் கல் (ஹாலோ பிளாக்) சுவராக இருந்தால் அந்த இடத்தை கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும்.

வாசல் சரிவு ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கட்டிடப் பீடம் ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி இடம் வேண்டும். இடமில்லை என்று 6 அடியில் முடிப்பவர்கள் உண்டு. அதில் வீல்சேரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்க மூன்று பேர். லிஃப்ட் உள்ளளவு 1100க்கு 1400 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

சமையலுக்கு சிலிண்டர் வேண்டவே வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம். மூடிய அறையில் தரையோடு படுத்துக்கொள்ளும். இண்டக்‌ஷன் 2,000 வாட், சுமார் 9 ஆம்பியர். கீசரும் அதே அளவு. இரண்டையும் ஒரே 16 ஆம்பியர் லைனில் இழுத்தால் காலை ஏழு மணிக்கு மாடி முழுக்க ட்ரிப் ஆகும். அறைக்கு அறை இரண்டு தனி லைன், தனி எம்சிபி (தானாக அணையும் சுவிட்ச்). கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் வாடைக்கு பாத்ரூம் ஃபேன் உதவாது. அடுப்பு மேடையை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, அதற்கு மேலேயே 9 அங்குல ஃபேன் கொடுங்கள். சுவருக்கு மேடையிலிருந்து 2 அடி உயரம் டைல்ஸ். ஜன்னல் திரை அந்தப் பக்கம் வரவே கூடாது.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் கீசர் காயிலில் சுண்ணாம்பு படியும். மாடித் தொட்டிக்கு முன் ஒரே ஒரு பெரிய சாஃப்ட்னர் வைப்பது, 20 கீசரைப் பழுது பார்ப்பதைவிட மலிவு.

கேள்வி: எங்கள் ஹோட்டலில் உரிமம் பெற்ற பார் இருக்கிறது. கவுன்டரைப் புதுப்பிக்கிறோம். வெள்ளை மார்பிள் போடலாமா? அளவுகளும் சொல்லுங்கள்.
(வேலூர் வாசகர்)

பதில்: மார்பிளும் கடப்பாவின் உறவுதான், எலுமிச்சைத் துண்டு வைத்த இடமெல்லாம் ஒரு வாரத்தில் மங்கல் வட்டம் விழும். வெள்ளை வேண்டுமென்றால் குவார்ட்ஸ் பலகை. நம் பக்கத்துக் கல்லே போதுமென்றால் லெதர் ஃபினிஷ் கறுப்பு கிரானைட், கைரேகை தெரியாது.

உயரம் 42 அங்குலம், ஸ்டூல் 30, ஆளுக்கு 24 அங்குல அகலம். மேல்பலகை முழங்காலுக்கு 10 அங்குலமாவது வெளியே நீட்ட வேண்டும். கால் வைக்கும் கம்பி தரையிலிருந்து 8 அங்குலம். பின்னால் ஆள் நிற்கும் வழி 3 அடி. இரண்டு பேர் வேலை செய்தால் மூன்றரை. அதற்கு மேல் கொடுத்தால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நடக்க வேண்டியிருக்கும். பின் அலமாரி விளக்குக்கு 2700 கெல்வின் எல்இடி ஸ்ட்ரிப், அலுமினிய புரொஃபைலுக்குள் வைத்து. பலகையில் நேரடியாக ஒட்டினால் சூட்டில் பசை விட்டு ஓர் ஆண்டுக்குள் தொங்கும்.