காயலான் கடையில் இசைத்தட்டும் டைப்ரைட்டரும்: கேள்வி பதில்

அண்ணா, லாங் பஜார் முழுக்கச் சுற்றிவிட்டேன். பழைய இசைத்தட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வேலூரில் எங்கேதான் தேடுவது? (காட்பாடி)

கடைவீதியை விடுங்கள் தம்பி. காயலான் கடைக்குப் போங்கள், அதுவும் காலையிலேயே. எடைக்கு வாங்கிய சரக்கை மாலைக்குள் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அதைவிட நல்ல இடம், பழைய சவுண்டு சர்வீஸ்காரர்களின் வீடு. கல்யாணத்துக்கும் ஆடிக் கூழுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய குடும்பங்களில் பரண்மேல் இன்னும் பெட்டி இருக்கும். என்னிடம் உள்ள நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு ஆரணிப் பக்கத்தில் அப்படிக் கிடைத்ததுதான். 1933இல் மறைந்துவிட்ட அவர் பேசும் படம் எதிலும் நடிக்கவில்லை. அவர் குரல் இந்தத் தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் லேபிளைப் படிக்காமல் எதையும் ஒதுக்காதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசி ஓடும் பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் நிறைய ஓடித் தேய்ந்த தட்டு.

பாட்டி வீட்டுத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? (குடியாத்தம்)

வேண்டவே வேண்டாம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரையும். சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். பின்னால் வந்த, நிறையப் பாட்டு கொள்ளும் எல்.பி. தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக். அதற்கு எதிரி நம்ம ஊர் வெயில்தான். ஒரு சித்திரையில் எல்.பி.க்களைக் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மேலே இருந்த இரண்டும் அப்பளமாக வளைந்திருந்தன. இன்றும் மனசு ஆறவில்லை.

நாய்ப் படம் ஒட்டிய பித்தளைக் குழாய் கிராமபோன் வாங்கலாமா? (ஆம்பூர்)

பளபளவென்று இருந்தால் பெரும்பாலும் புதிதாகச் செய்த பெட்டிதான். அழகுக்கு வைக்கலாம். அதில் எல்.பி.யை மட்டும் ஓடவிடாதீர்கள், இரும்பு ஊசி ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

அப்பா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மெஷின் கிடக்கிறது, இரண்டு தமிழ். கிலோ கணக்கில் போட்டுவிடு என்கிறார்கள். (வாலாஜாபேட்டை)

தயவுசெய்து போடாதீர்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நம் மாநிலத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை மெஷினிலேயே நடந்து வந்திருக்கிறது. அதனால்தான் ரிப்பனும் மெக்கானிக்கும் நமக்கு இன்னும் கிடைக்கிறார்கள். ஆங்கில மெஷின் போனால் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். தமிழ் மெஷின் அப்படியல்ல, செய்ததே குறைவு. அதில் புள்ளி விசையை அழுத்தினால் கேரேஜ், அதாவது தாளைத் தாங்கி நகரும் மேல்பகுதி, நகரக் கூடாது; அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து உட்கார வேண்டும். 'க்' அடித்துப் பாருங்கள். சரியாக விழுந்தால் அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது. கற்றுக்கொள்ள ஆசைப்படும் யாருக்காவது கொடுங்கள். ஆள் இல்லையென்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

வாங்கிய மெஷினில் விசையெல்லாம் ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா? (ராணிப்பேட்டை)

எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினானதால்தான் ஒட்டுகிறது. மேலும் விட்டால் இன்னும் இறுகும். பழைய பல் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு, எழுத்துக் கம்பிகளின் அடியைத் தேயுங்கள். காய்ந்ததும் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' பாடத்தை ஒரு பக்கம் அடியுங்கள். அப்புறமும் கேரேஜ் இழுபடவில்லையென்றால் பக்கத்தில் அதை இழுக்கும் நாடா (மை ரிப்பன் அல்ல) அறுந்திருக்கும். அது சின்ன வேலைதான், மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலேயே கட்டிக் கொடுத்துவிடுவார்.