தரையில் உட்கார்ந்து பார்த்து அளவு கொடுங்கள்!
வாசகர் கேள்வி – பதில்

பள்ளி திறக்கும் மாதம் நெருங்குகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி., அங்கன்வாடி, ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் உடுப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: யு.கே.ஜி. எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் சுடிதாருக்கு அனுமதி உண்டு. ஆனால் தைத்து வாங்குகிற டாப் எல்லாம் ஒரே தொல்லை. போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் மொத்த டாப்பும் மேலே ஏறுகிறது; தரையில் உட்கார்ந்தால் இடுப்பில் சுருண்டுகொள்கிறது. லூசாகத் தைக்கச் சொல்லியும் சரியாகவில்லை. டெய்லரிடம் என்னதான் சொல்வது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: லூசாகத் தைக்கச் சொன்னதில்தான் வினையே. அப்படிச் சொன்னால் பல டெய்லர்கள் முதலில் ஆம்ஹோலை, அதாவது கையை வைத்துத் தைக்கும் வளைவை, கீழே இறக்கிவிடுவார்கள். ஆம்ஹோல் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவு துணியையும் கை சேர்த்து இழுக்கும். அது அக்குளுக்கு அரை இன்ச், மிஞ்சினால் முக்கால் இன்ச் கீழே நின்றால் போதும். லூஸ் வேண்டியது கையின் சுற்றளவில். அங்கே ஒரு இன்ச் கூட்டச் சொல்லுங்கள்.

உட்காரும்போது ஏறுவதற்குக் காரணம் வேறு. நின்றபடி எடுத்த சீட் அளவும் (பிட்டத்தைச் சுற்றி எடுக்கும் அளவு), சம்மணமிட்டு உட்கார்ந்தபின் இருக்கும் சீட் அளவும் ஒன்றல்ல. உட்கார்ந்து ஒருமுறை டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டு இன்ச் கூடுதலாகவே வரும். சைடு ஓப்பன் சீட்டின் அகலமான இடத்துக்குக் கீழே ஆரம்பித்தால் துணிக்கு விரிய வழியில்லை, மேலே ஏறத்தான் செய்யும். அந்த அகலமான இடத்துக்கு ஒரு இன்ச் மேலேயே ஓப்பன் தொடங்கட்டும். நீளம் முழங்காலுக்கு இரண்டு இன்ச் கீழே நிற்கலாம். அதற்கு மேல் போனால் தரையிலிருந்து எழும்போது நீங்களே ஓரத்தை மிதிப்பீர்கள்.

ஓப்பனை மேலே ஏற்றினால் பக்கத் தையலில் பாக்கெட் வைக்க இடம் இருக்காது. பாக்கெட் இல்லாமல் மழலை வகுப்புக்குள் போவது வீண் வம்பு: சாக்பீஸ், கைக்குட்டை, யாரோ கழற்றிப் போட்ட ஹேர்கிளிப் எல்லாம் உங்கள் கையில்தான் வந்து சேரும். அதனால் எங்கள் ஓட்டு ஓப்பனே இல்லாமல், கீழே போகப் போக விரியும் ஏ-லைன் டாப்புக்குத்தான். கீழ்ச்சுற்றளவு 60 இன்ச்சாவது இருக்க வேண்டும். 44 இன்ச் அகலத் துணியில் 3 மீட்டர் எடுங்கள். ஓப்பன் வைத்த டாப்புக்கு இரண்டரை மீட்டர் போதும். ஏ-லைனில் பக்கத் தையலிலேயே 6 இன்ச் வாயும் 10 இன்ச் ஆழமும் உள்ள பாக்கெட் வைக்கலாம்.

கழுத்து விஷயத்தில் எல்லோரும் ஆழத்தைத்தான் பார்க்கிறார்கள். குனியும்போது விலகுவது பெரும்பாலும் அகலமான கழுத்து. முன் ஆழம் ஐந்தரை இன்ச்சுக்குள்ளும், அகலம் 6 இன்ச்சுக்குள்ளும் இருந்தால் போதும். ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்காதீர்கள். குனிந்து, கையைத் தூக்கி, கடைத் தரையிலேயே உட்கார்ந்து எழுந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, காசு உங்களுடையது.

வெட்டுவதற்கு முன் காட்டன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க மறக்காதீர்கள். லைனிங் துணியையும் கூடவே ஊறப்போடுங்கள். அதை விட்டுவிட்டால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். பேன்ட்டில் பலாஸோ வேண்டாம், குழந்தைகள் மிதிப்பார்கள். பென்சில் பேன்ட் முழங்காலில் பிடிக்கும். லைக்ரா கலந்த காட்டன் லெகிங்ஸ் அல்லது செமி பட்டியாலா நல்லது.

கேள்வி: எங்களுக்குச் சேலைதான்; அதன்மேல் பள்ளி கொடுக்கும் கோட்டும் போட வேண்டும். மதுரை வெயிலில் வெந்துபோகிறோம். முந்தானையில் குத்தும் சேஃப்டி பின் வேறு அடிக்கடி கழன்று குத்துகிறது.
– நான்கு ஆசிரியைகள், மேலூர்

பதில்: கோட்டுக்கு வரும் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன். கசங்காது, அதனால் நிர்வாகத்துக்குப் பிடிக்கும். வியர்வையை உறிஞ்சாது, அதனால் உங்களுக்குப் பிடிக்காது. நிறமும் மாடலும் மாறாமல் காட்டன் பாப்ளினில் தைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். நால்வரும் சேர்ந்து கேட்டால் மறுப்பது சிரமம். அதுவும் முடியாதென்றால் கையில்லாத கோட் கேட்கலாம். நீளம் தொடையின் பாதி வரை போதும். முழங்கால் வரை வரும் கோட், உட்கார்ந்தவுடன் கழுத்தை இறுக்கும். தோள் அளவில் அரை இன்ச் கூட்டச் சொல்லுங்கள், முந்தானை மடிப்பு உள்ளே அடங்க வேண்டுமல்லவா?

பின் கழல்வதற்குக் காரணம், அது வெளியிலிருந்து குத்தப்படுவதுதான். குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கும்போது பின்னின் வாய் நேராக விசையை வாங்கித் திறந்துகொள்கிறது. ப்ளவுஸின் உள்பக்கத்திலிருந்து குத்தி, வாயும் உள்பக்கமே வரும்படி பூட்டுங்கள். முந்தானையை ஐந்தாறு மடிப்பாக மடித்து, நுனியை முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட்டால் பிடித்து இழுக்கவே எதுவும் தொங்காது. சேலையின் கீழ் ஓரம் தரையிலிருந்து ஒரு இன்ச் உயரத்தில் நிற்கட்டும். உள்ளே ஒட்டிப்பிடிக்கும் ஷேப்பர் போட்டுக்கொண்டு சம்மணமிட முடியாது. ஆறு பீஸ் வைத்துத் தைத்த காட்டன் உள்பாவாடைதான் சரி. ஃபால்ஸ் துணியையும் நனைத்துக் காயவைத்த பிறகே அடிக்கக் கொடுங்கள்.

கேள்வி: சுங்குடிச் சேலை வகுப்புக்கு ஒத்துவருமா? சாயம் போகிறதே, உப்பு போட்டு ஊறவைத்தால் நிற்குமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறொன்றும் இல்லை. மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தினர் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலையில் புள்ளிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருக்கும், புதுச்சேலையில் முடிச்சு இருந்த இடம் லேசாகப் புடைத்தும் தெரியும். பிரிண்ட் போட்டதில் புள்ளிகள் அச்சுப்போல ஒரே அளவாக நிற்கும். வகுப்புக்குப் பிரிண்டே போதும், கைமுடிச்சுச் சேலையை ஆண்டுவிழாவுக்கு வையுங்கள்.

உப்பு, சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. சாயப்பட்டறையில் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, வீட்டு வாளியில் இல்லை. முதல் மூன்று நான்கு சலவைக்குத் தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் அலசி நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி மொடமொடப்பாக வேண்டாம், உட்கார்ந்து எழுந்தால் கோடுகோடாக மடிந்துவிடும். இரண்டு டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலந்தால் ஒரு சேலைக்குப் பதமாக இருக்கும். வடிகட்டாவிட்டால் அடர்நிறச் சேலையில் வெள்ளைத் திட்டு விழும்.

கேள்வி: தினமும் ஒரு கறையோடு வீட்டுக்கு வருகிறேன். பெயின்ட், கிரேயான், சாம்பார், சமயத்தில் குழந்தைகளின் வாந்தி. எதற்கு என்ன செய்ய?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: வாந்தி, பால், ரத்தம் மூன்றுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

கிரேயான் என்பது மெழுகு. ஸ்பூன் முனையால் சுரண்டிவிட்டு, கறைக்கு மேலும் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை வையுங்கள். மெழுகு பேப்பரில் ஏறும். பேப்பரை மாற்றி மாற்றி வைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை துணியில் இறங்கக்கூடும்.

வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் துணியின் பின்பக்கமாகக் குழாயைத் திறந்துவிட்டாலே பெரும்பாலும் போய்விடும். அக்ரிலிக் பெயின்ட் காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் மாதிரி, அப்புறம் போகாது. ஈரமாக இருக்கும்போதே பள்ளியில் அலசிவிடுங்கள். ஃபெவிகால் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து உரித்தெடுக்கலாம். பால்பாயின்ட் மைக்கும் மார்க்கருக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட். அடியில் பழைய துணி வைத்து, பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும். ஸ்பிரிட் சாயத்தையும் எடுக்கும் என்பதால் முதலில் உள்தையலில் சோதித்துப் பாருங்கள். சுங்குடியில் வேண்டவே வேண்டாம்.

சாம்பார் கறையில் சோப்புப் பட்டதும் செக்கச்செவேல் என்று மாறினால் பயப்படாதீர்கள். சோப்பின் காரத்தன்மைக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி, கறை பட்ட இடம் மட்டும் வெயில் படும்படி மடித்துக் காயப்போடுங்கள், இரண்டு மூன்று வெயிலில் வெளுத்துவிடும். சாக்பீஸ் தூள் பட்ட துணியை நனைக்காதீர்கள், உதறினால் போதும்.

கேள்வி: தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான். குழந்தைகளோடு குத்தவைத்து உட்கார்ந்தால் பேன்ட் பின்பக்கம் கிழிந்துவிடுகிறது. ஆண்களுக்கும் பதில் உண்டா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: உண்டு ஐயா. லோ வெயிஸ்ட் பேன்ட்தான் குற்றவாளி. பின்பக்க உயரம் குறைவாக இருப்பதால் குத்தவைக்கும்போது முழு இழுப்பும் நடுத்தையலில் விழுகிறது. பேன்ட் தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தைத்து, சீட்டில் 4 இன்ச் லூஸ் விடச் சொல்லுங்கள். துணியில் இரண்டு சதவீதம் லைக்ரா கலந்திருந்தால் இன்னும் நல்லது. நடுத்தையலைப் பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையலாகப் போட்டு, உள்ளே ஒரு இன்ச் துணியும் விட்டுவைக்கட்டும். சட்டைப் பையில் பேனா வைக்காதீர்கள். நீங்கள் குனிந்தால் அது நேராக ஏதாவது ஒரு பிஞ்சுத் தலையில்தான் விழும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி, எல்.கே.ஜி. வகுப்பு. இப்போது தைக்கும் உடை பிரசவத்துக்குப் பிறகும் உதவ வேண்டும்.
– வாசகி, திருநகர்

பதில்: மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்த டாப் தையுங்கள். வயிறு ஏற ஏற முன்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும், அதனால் முன்பாகத்தைப் பின்பாகத்தைவிட இரண்டு இன்ச் நீளமாக வெட்டச் சொல்லுங்கள். பால் கொடுக்க இரண்டு பக்கமும் 8 இன்ச் மறைவு ஜிப்பை இப்போதே வைத்துவிடலாம். சேலை கட்டும் நாட்களில் உள்பாவாடை நாடாவுக்குப் பதில் இரண்டு இன்ச் அகல எலாஸ்டிக் போட்டு வயிற்றுக்குக் கீழே நிறுத்துங்கள். நாடா அறுக்கிற வலியைத் தாங்கிக்கொண்டு வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: நகை, பூ, செருப்பு?
– வாசகி, சோழவந்தான்

பதில்: தொங்கும் ஜிமிக்கியும் நீளச் சங்கிலியும் குழந்தையின் கைக்கு எட்டும், காதுதான் கிழியும், தோடு போதும். கல் தூக்கலாகப் பதித்த மோதிரம் கன்னத்தைக் கீறும். மல்லிகைப்பூ தாராளமாக வையுங்கள், குனியும்போது முன்னால் சரியாதபடி நுனியில் ஒரு ஹேர்பின் குத்திவிடுங்கள். அடையாள அட்டைக் கயிறு, இழுத்தால் கழுத்துப் பக்கம் தானே கழன்றுவிடும் கிளிப் வைத்ததாக இருக்கட்டும். செருப்பு, பின்வார் உள்ள ரப்பர் அடி.