வேகமான வளைவில் முன்சக்கர இயக்கக் கார் ஏன் வெளியே விலகுகிறது?

கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் உங்கள் கார் வெளிப்பக்கமாக விலகுகிறது, நண்பரின் பின்சக்கர இயக்கக் கார் அப்படிச் செய்வதில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. உந்துவதும் திரும்புவதும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. உங்கள் காரில் இரண்டு வேலையும் முன்சக்கரங்களின் தலையில். இன்ஜினும் கியர்பாக்ஸும் அங்கேயே இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 சதவீதமும் முன்னால்தான். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன் டயர்கள் சறுக்குகின்றன. அப்போது ஸ்டீயரிங்கை மேலும் ஒடிப்பது வீண். காலை மெல்லத் தளர்த்துங்கள். எடை முன்னால் சாய்ந்து பிடி திரும்பும். சட்டென்று காலை எடுத்தாலோ பின்பக்கம் இலேசாகிக் கார் சுழலக்கூடும்.

நண்பரின் காரில் முன் டயர்கள் திருப்புவதை மட்டும் பார்த்துக்கொள்கின்றன. முடுக்கும்போது பின்னால் சாயும் எடை, உந்தும் சக்கரங்களுக்கே உதவுகிறது. அளவு மீறினால் பின்பக்கம் வெளியே வீசும். ஐப்பசி மழையில் இது இன்னும் எளிதில் நடக்கும். என்னைக் கேட்டால், பழகாதவருக்கு உங்கள் காரே பாதுகாப்பானது.

இன்ஜின் இருக்கும் இடமும் முக்கியம். எடை நடுவில் குவிந்தால் கார் சட்டெனத் திரும்பும். 1959-இல் ஜாக் பிராபம், ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜின் வைத்த கூப்பர் காரில் பார்முலா 1 பட்டம் வென்ற பிறகு மற்ற அணிகளும் அதற்கே மாறின.

நால்சக்கர இயக்கம் வளைவிலிருந்து முடுக்கி வெளியேற உதவும். அதிவேகமாக நுழைந்த காரை அது காப்பாற்றாது. இவற்றைச் சோதிக்க மேம்பாலம் வேண்டவே வேண்டாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பயிற்சியாளருடன் ஓட்டிப் பாருங்கள்.